வண்டி முத்தம்

வாருங்கள். கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பன்னிரண்டாம் எண் அறையில், ஒரு பெண்ணின் மார்பை அறுத்தெடுக்க நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அறைக்குள் நான்கு பேர். அறுக்கப்போகும் மருத்துவர் பேசுகிறார். அவளுடைய கணவர் பேசுகிறார். கணவரின் அக்காள் பேசுகிறாள். உடம்புக்குச் சொந்தக்காரி மட்டும் வாய் திறக்கவில்லை. அவளைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு, இது நியாயம்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த மருத்துவமனைக்கு அவள் புதியவள் அல்லள். அதே கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், பதினோரு ஆண்டுகளாக உழைக்கிறவள். நோயாளிகள் புரண்ட விரிப்புகளும், குழந்தை பிறந்த அறையின் துண்டுகளும், அறுவைக் கூடத்தின் பச்சைத் துணிகளும் அவள் கைபடாமல் மேலே போனதில்லை. உயரத்தில் குறைந்தவள் என்பதால் உடன் உழைக்கும் பெண்கள் அவளுக்கு ‘அரைப்படி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தே பழகியிருந்தாள். மூன்றாம் மாடியில் அந்தப் பெயரும் இல்லை. கோப்பின் அட்டையில் ஓர் எண், அவ்வளவுதான் அவள்.

மருத்துவர் மார்பின் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிக் காட்டினார். காட்டியது கணவருக்கு.

“இடது பக்கம் கட்டி கல்லு மாதிரி இருக்கு. மேல இருக்கிற தோலை உள்ள இழுக்குது, பாத்தீங்களா? படத்துலயும் ஓரமெல்லாம் கால் கால் விட்டு நட்சத்திரம் மாதிரி தெரியுது. பார்வைக்கு அப்படியே புற்றுநோய்தான்.” கோப்பைப் புரட்டிக்கொண்டே கணவரிடம் கேட்டார்: “இவங்களுக்கு அங்க எப்பவாவது அடி கிடி பட்டுச்சா?”

யாருக்கு அடி பட்டதோ அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி! ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கேள்வி அவளைத் தாண்டி நாற்காலியில் இருந்த ஆணிடம் போனது.

அந்த ஆண் கெட்டவர் அல்லர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய அப்பா அவருடைய அம்மாவை அடித்த அடியில் வீட்டுச் சுவரே அதிரும். அதைப் பார்த்து வளர்ந்தவர், தன் மனைவிமேல் விரல்கூடப் படக்கூடாது என்று சபதம் எடுத்துப் பதினாறு ஆண்டுகளாகக் காத்துவந்தார். அந்தச் சபதம்தான் அவருடைய பெருமை. மருத்துவரின் கேள்வி அந்தப் பெருமைமேல் நெருப்பாய் விழுந்தது. நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார்.

“என்ன டாக்டர் பேசுறீங்க? என்னைப் பாத்தா பொண்டாட்டியை அடிக்கிறவன் மாதிரி தெரியுதா? பதினாறு வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை ஓங்கியிருப்பேனா?” மனைவியின் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு. நான் என்னைக்காவது உன்னை அடிச்சிருக்கேனா?”

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவமானம் சிவந்திருந்தது.

“இல்லைங்க” என்றாள்.

‘அடிபட்டதில்லை’ என்று எழுதினார் மருத்துவர்.

கேட்ட கேள்வி ஒன்று. அது கணவரின் மானத்தைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தபோது வேறொன்று. அவள் சொன்ன விடை இரண்டாவதற்கு. அது எழுதப்பட்டது முதலாவதற்கு. இப்படித்தான் ஒரு பொய், பொய் சொல்லாத மூவரின் கைகளில் பிறந்து, மருத்துவமனையின் முத்திரையோடு கோப்பில் ஏறி உட்கார்ந்தது.

ஏனென்றால் அடி பட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், இடது மார்பில், கண்ணில் பூச்சி பறக்கும்படி பட்டிருந்தது.

சலவைப் பிரிவில் ஈரத் துணியை ஏற்றிச் செல்லப் பன்னிரண்டு இரும்பு வண்டிகள் உண்டு. நனைந்த விரிப்பு நிறைந்தால் ஒரு வண்டி ஓர் ஆள் எடைக்கு மேல் கனக்கும். அதைத் தள்ளும் கம்பி நல்ல உயரமான ஆணின் இடுப்புக்கு மேல் நிற்கும்; அவளைப் போன்றவளுக்கு நேராக மார்பில் நிற்கும். தரையின் குறுக்கே தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்றிருந்தது. அதன் இரும்பு மூடி ஒருபுறம் தூக்கிக்கொண்டிருந்தது. வேகமாக வரும் வண்டியின் முன்சக்கரம் அதில் இடித்தால் வண்டி ‘டக்’கென்று நிற்கும், பின்னால் வருகிறவள் நிற்க முடியாது. கம்பி நெஞ்சில் ஏறும். வலது கை சக்கரத்தைப் பூட்டும் கொண்டியைப் பிடித்திருப்பதால் உடம்பு இடப்பக்கமாகத்தான் சாயும்.

அந்த அடிக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது: வண்டி முத்தம். “என்னடி, இன்னைக்கு உன்னைத்தான் கொஞ்சுச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். மேற்பார்வையாளரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னவளை ‘உடம்புக்கு முடியாதவள்’ என்று எழுதி நிரந்தர வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள். வீட்டிலும் சொல்வதில்லை. கையில் பட்டிருந்தால் சொல்லலாம், காலில் பட்டிருந்தால் சொல்லலாம். அந்த இடத்துக்கு நம் வீடுகளில் பெயரே கிடையாது. பெயரில்லாத இடத்தில் பட்ட அடியை எந்த வாயால் சொல்வாள்?

இன்னும் பாருங்கள். அறை அப்படியேதான் இருக்கிறது.

“எதுக்கும் ஒரு ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிச்சிடலாம். அப்புறம் முடிவு பண்ணலாம்” என்று மருத்துவர் சொல்லத்தான் செய்தார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அண்ணி, கணவரின் அக்காள், பதறிப்போனாள்.

“ஐயையோ, ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர்! குத்திக் கிளப்பி விட்டா உடம்பு பூரா பரவிடும். எங்க தெருவுல ஒரு பொம்பளைக்கு அப்படித்தான் ஆச்சு. அப்படியே முழுசா எடுத்துடுங்க. நாப்பது வயசாச்சு, புள்ளைங்களும் வளந்தாச்சு. இனிமே அது எதுக்கு அவளுக்கு?”

இனிமே அது எதுக்கு! உடைந்த நாற்காலியைத் தெருவில் போடுவதைப் பற்றிப் பேசுவது போல ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசினாள். அதுவும் அன்பினால் பேசினாள். தம்பி மனைவி உயிரோடிருந்தால் போதும் என்ற பயத்தினால் பேசினாள்.

‘ஊசியால் பரவாது அம்மா, அது பழைய பயம்’ என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? மருத்துவருக்கு அது தெரியும். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அந்த நொடிகளை அவர் மிச்சம் பிடித்தார்.

“சரி, உங்களுக்கு அவ்வளவு பயம்னா நேரா எடுத்துடலாம். வியாழக்கிழமை காலைல வெறும் வயித்தோட வாங்க.”

கணவர் கையெழுத்திட்டார். பிறகு அண்ணி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவளும் இட்டாள்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். உடை மாற்றும் அறையில் நால்வர் இருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த சீப்பையும் செருப்பையும் அவள் பையில் போட்டுக்கொண்டதை மைக்செட் கவனித்துவிட்டாள். ஒலிபெருக்கி வைத்ததுபோல் பேசுகிறவள் என்பதால் மைக்செட். சலவை இயந்திரங்கள் பத்தும் ஓடினாலும் அவள் குரல் மேலே கேட்கும்.

“என்னடி அரைப்படி, மூட்டை கட்டுற? வியாழக்கிழமையிலிருந்து லீவாமே. எங்களை விட்டுட்டு எங்க ஊர் சுத்தப் போற?”

“மூணாவது மாடிக்கு.”

“அங்க என்ன?”

“ஆபரேஷன்.”

“எதுக்கு?”

அவள் வாயால் சொல்லவில்லை. கையை இடது மார்பில் வைத்தாள். மைக்செட்டின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. “கதவைச் சாத்துங்கடி. நீ காட்டு.”

காட்டினாள். திருமண நாளிலிருந்து, மருத்துவரைத் தவிர, வெளிச்சத்தில் யாருக்கும் காட்டாததை, ஈரத் துணியும் சோப்பும் மணக்கும் அந்த அறையில், நான்கு தோழிகளுக்குக் காட்டினாள். தோல் ஓரிடத்தில் குழிந்திருந்தது. மைக்செட் இரண்டு விரலால் தொட்டாள்.

“கல்லுதான். ஆனா ஏய், வண்டி உன்னைக் கொஞ்சுனது இங்கதானே? நான்தானே துணி மேலயே ஐஸ் வச்சேன்? டாக்டர்கிட்ட சொன்னியா இல்லியா?”

“அவர் எங்கிட்ட கேக்கல.”

“கேக்கலன்னா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?”

அவள் நடந்ததைச் சொன்னாள். கேள்வி எப்படிச் சுற்றி வந்தது, தான் எதற்கு ‘இல்லைங்க’ என்றாள், என்ன எழுதினார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் தனக்கே அது கேட்டது. நேற்று அறையில் வராத கோபம் அப்போது வந்தது.

மூலையில் ‘புதுசு’ நின்றிருந்தாள். வேலைக்கு வந்து ஆறு ஆண்டாகியும் அவள் புதுசுதான். “அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்கு” என்றாள் மெதுவாக. “இதே பக்கம். நெல்லிக்காய் அளவு. பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல.”

“அட, எனக்கும்தான் இருக்கு” என்றாள் மைக்செட். “நான் என்ன உங்களை மாதிரி ஒப்பாரியா வச்சேன்? முத்தம் குடுத்தா வீங்கத்தானே செய்யும்?” என்று சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரே இடத்தில் உழைக்கும் ஐந்து பேர். மூவருக்கு ஒரே பக்கத்தில் கட்டி. மற்ற இருவரில் ஒருத்தி துணி மடிக்கிறவள், வண்டி தள்ளுவதில்லை; இன்னொருத்தி ஒட்டடைக்கொம்புபோல் உயரமானவள், பெயரும் ஒட்டடை. அவளுக்குக் கம்பி இடிப்பது வயிற்றில்.

அரைப்படிதான் முதலில் வெளியே நடந்தாள். ஒரு வண்டியை இழுத்து நிறுத்தினாள். விரிப்புகளில் பிரிவின் எண்ணைப் பொறிக்கும் கறுப்பு மைப் புட்டியை எடுத்தாள். அந்த மை ஆயிரம் தடவை துவைத்தாலும் போகாது. கம்பி முழுக்கப் பூசினாள். வெள்ளை முன்துணியைக் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்து வாய்க்கால் மூடியில் இடித்தாள். இடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மார்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கட்டிக்கு மேலேயே விழுந்தது.

புதுசு இடித்தாள். மைக்செட் இடித்தாள். மூன்று வெள்ளைத் துணிகள், மூன்று கறுப்புக் கோடுகள், இடப்பக்கம் தடித்து, வலப்பக்கம் மெலிந்து. ஒட்டடையும் இடித்தாள், அவளுடைய கோடு தொப்புளுக்கு அருகில் கிடந்தது.

“நடங்கடி மேல” என்றாள் அரைப்படி. “வண்டியும் வரட்டும்.”

மின்தூக்கியின் வாசலில் மேற்பார்வையாளர் குறுக்கே நின்றார்.

“ஏய், ஏய்! சுத்தத் துணி போற லிஃப்ட் அது! ஈர வண்டியை எங்க தள்ளிட்டுப் போறீங்க?”

“வண்டிக்கு உடம்பு சரியில்ல சார்” என்றாள் மைக்செட், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி. “ரொம்ப நாளா ஆளுங்க மேல விழுது. டாக்டர்கிட்ட காட்டப் போறோம்.”

மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் அறுபது பேரும் தலையைத் திருப்பினார்கள். செவிலி கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். வண்டி நிற்கவில்லை. பன்னிரண்டாம் எண் அறைக்குள் அது நுழைந்தபோது மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார்.

“என்ன இது? யார் நீங்க எல்லாம்?”

யார் நீங்கள்! நேற்று அவர் கைவைத்துப் பார்த்த மார்பு. இன்று முகம் தெரியவில்லை.

“வியாழக்கிழமை நீங்க அறுக்கப் போறது என்னைத்தான் டாக்டர்” என்றாள் அரைப்படி. “எனக்கு அடி பட்டிருக்கு. மூணு மாசம் ஆச்சு. இந்தக் கம்பிதான். இங்கதான்.” கோட்டைக் காட்டினாள்.

மருத்துவர் கோட்டைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டினார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. தவறு தன் பக்கம் வந்து நிற்கும்போது படித்தவர்களுக்கு வருகிற கோபம்.

“இதை ஏம்மா நேத்தே சொல்லல? அடி பட்டுச்சான்னு நான் தெளிவா கேட்டேனே!”

“கேட்டீங்க. அவரைக் கேட்டீங்க.”

மருத்துவர் கோப்பை மேசைமேல் வைத்தார்.

“மாரு என்னுது டாக்டர். வலி என்னுது. கேள்வி மட்டும் ஏன் அவருக்கு? நான் உங்க கைக்கு எட்டுற தூரத்துலதானே இருந்தேன்? நீங்க போடுற பச்சைத் துணியில எந்த மடிப்புல ரத்தம் தங்கும்னு எனக்குத் தெரியும். என் உடம்புல எங்க அடி பட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

மருத்துவர் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. “இங்க பாருங்க. அடி பட்டா உள்ள இருக்கிற கொழுப்பு செத்துக் கட்டியாகறது உண்டு. அது தொட்டாலும் படத்துலயும் புற்றுநோய் மாதிரியேதான் இருக்கும். ஆனா அடி பட்டுச்சுங்கறதை மட்டும் வச்சுப் புற்றுநோய் இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. அதுக்கு…”

“அதுக்கு ஊசி போடணும். அதைத்தான் கேக்க வந்தேன். ஊசி போட்டாப் பரவுமா?”

“பரவாது.”

“நேத்து எங்க அண்ணிகிட்ட இந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்லல?”

அவர் வாசலைப் பார்த்தார். காத்திருந்தவர்கள் கதவோரம் கூட்டமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“என் தப்புதான்” என்றார். வியாழக்கிழமைப் பட்டியலில் அவளுடைய எண்ணை அடித்தார். புதுசும் மைக்செட்டும் தங்களுக்கும் கட்டி இருப்பதைச் சொன்னார்கள்; மறுநாளுக்கு மூவருக்கும் ஊசிச் சோதனை எழுதினார்.

மாலையில் வீட்டில் அடுத்த விசாரணை காத்திருந்தது.

“நாளைக்கு ஊசி. வியாழக்கிழமை ஆபரேஷன் இல்ல. மூணு மாசத்துக்கு முன்னாடி வண்டிக் கம்பியில அங்க அடி பட்டதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“யாரைக் கேட்டுச் சொன்ன?” அண்ணி இடுப்பில் கை வைத்தாள்.

“என்னைக் கேட்டு, அண்ணி.”

“பாத்தியாடா தம்பி, இவ பேச்சை? உயிர் போற நேரத்துல வீம்பைப் பாரு!”

கணவருக்கு வீம்பு காதில் விழவில்லை. அடி என்ற சொல்தான் விழுந்தது. “மூணு மாசமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல? நேத்து அங்க வச்சுக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க கேட்டது வேற. ‘நான் அடிச்சிருக்கேனா’ன்னு கேட்டீங்க. நீங்க அடிக்கல. அதைத்தான் சொன்னேன்.” அவள் அவர் எதிரில் போய் நின்றாள். “உங்க மானத்தைக் காப்பாத்த ஒரு வார்த்தை சொன்னேங்க. அதுக்கு விலையா என் மாரை எழுதிக் குடுத்துட்டு வந்தோம். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க, நானும் போட்டேன்.”

அடிக்காததைப் பதினாறு ஆண்டுகள் பதக்கம்போல் அணிந்திருந்தவருக்கு, அடிக்காமல் இருப்பது மட்டும் போதாது என்று அன்றுதான் உறைத்தது. மனைவியை அடிக்காதவன் தெய்வமா? மனிதன், அவ்வளவுதான். மனிதனாக இருப்பதற்கு நாம் ஆண்களுக்கு மாலை போட்டுப் பழக்கியிருக்கிறோம். அந்த மாலையின் பாரம் பெண்ணின் கழுத்தில் விழுகிறது.

மறுநாள் அவர் கூடப் போனார். ஊசி அறையின் வாசலில் செவிலி தாளை நீட்டி, “இவங்களுக்கு இதுக்கு முன்னாடி என்னென்ன உடம்புக்கு வந்துச்சு?” என்று அவரிடம்தான் கேட்டாள். “அவங்க பக்கத்துலதானே நிக்கிறாங்க. அவங்களைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார்.

ஊசி குத்தியது. ஒரு சொடக்கு, ஓர் இழுப்பு, ஒரு பஞ்சு. ஒரு மார்பை இழப்பதற்கும் காப்பதற்கும் இடையில் இருந்தது அவ்வளவுதான்.

எட்டாம் நாள் முடிவுகள் வந்தன. மருத்துவர் அவளை எதிரில் உட்காரவைத்து, அவளிடமே பேசினார்.

“புற்றுநோய் இல்லைம்மா. அடி பட்ட இடத்துல கொழுப்பு செத்து, அதைச் சுத்தித் தழும்பு கட்டியிருக்கு. அதுதான் தோலை இழுக்குது. எடுக்க வேண்டாம். நாளாக ஆகச் சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துச் செவிலி துணி எடுத்துக் கொடுத்தாள். அவள் அதைத் தொடவில்லை. மேசைமேலிருந்த கோப்பைச் சுட்டினாள்.

“‘அடிபட்டதில்லை’ன்னு எழுதியிருக்கீங்களே. அதை மாத்துங்க. அடி பட்டது. வண்டிக் கம்பி. வேலை நேரத்துல, இந்தக் கட்டடத்துல. எல்லாத்தையும் எழுதுங்க.”

மருத்துவர் பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். “அப்படி எழுதினா இது நிர்வாகத்துக்குப் போகும். உங்களுக்குத்தான் வேலையில சிக்கல் வரும்.”

“முழு மாரையும் எடுக்க நீங்க இவ்வளவு யோசிக்கலையே டாக்டர்.”

எழுதினார்.

புதுசுக்கும் அதே முடிவுதான்: செத்த கொழுப்பு. ஓட்டமாக ஓடி வந்து அரைப்படியைக் கட்டிக்கொண்டாள். மைக்செட் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது கையில் தாள் இருந்தது. நடைக்கூடத்தில் அவள் மறுபடியும் மெதுவாகப் பேசினாள்.

“என்னோடது முத்தம் இல்லையாம்டி. கடிச்சே வச்சிருக்கு.”

புற்றுநோய். சின்னது, இப்போதே பார்த்தால் குணப்படுத்தக்கூடியது. முழு மார்பையும் எடுக்கவேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தால் போதும் என்றார் மருத்துவர். அந்தக் கட்டியைத் தந்தது வண்டியல்ல. ஆனால் அதை மறைத்தது வண்டி. ஓராண்டாக அவள் அதைத் தொட்டுப் பார்த்து, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அடி நாள்தோறும் விழும் இடத்தில் எது அடி, எது நோய் என்று எவளால் பிரிக்க முடியும்? புற்றில்லாதவளை அறுக்கத் துடித்த அதே கட்டடம், புற்றிருந்தவளைச் சிரிக்கவிட்டு வேலை வாங்கியது. இரண்டும் ஒரே குற்றம். இருவரையும் எவரும் கேட்கவில்லை.

அரைப்படி அவள் கையைப் பிடித்தாள். “நீ கத்து. எப்பவும்போல கத்து. நான் பக்கத்துல இருக்கேன்.”

“கத்துறேன், இரு. முதல்ல அந்த வண்டியை உடைச்சுட்டுக் கத்துறேன்.”

நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அடித்தளச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டியது: ‘வண்டி தள்ளும்போது ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும்.’ மோதியது இரும்பு. கவனம் வேண்டியது மார்புக்காம்! அந்தத் தாளையும் அரைப்படி அண்ணாந்து பார்த்தால்தான் படிக்க முடியும் என்ற உயரத்தில் ஒட்டினார்கள்.

அன்றே சலவைப் பிரிவின் பெண்கள் வண்டிகளை விட்டுக் கையெடுத்தார்கள். ஈர விரிப்புகள் ஏற்றியது ஏற்றியபடி நின்றன. நண்பகலுக்குள் மேல் மாடிகளில் பச்சைத் துணி தீர்ந்தது. அடித்தளத்துக்கு வழி எது என்றே அதுவரை அறியாத அதிகாரிகள் வழி கேட்டுக் கேட்டு இறங்கி வந்தார்கள். வாய்க்கால் மூடி அன்று மாலையே சமனாக்கப்பட்டது. கம்பியை வெட்டித் தாழ்த்தி ஒரு வண்டி வந்தது. ஒரே ஒரு வண்டி. மற்றவை ‘ஆராய்ந்து’ பிறகு வருமாம். அரைப்படி அந்த ஒன்றைத் தள்ளிப் பார்த்தாள். கம்பி இடுப்பில் நின்றது. “மிச்சம் பதினொண்ணு வர்ற வரைக்கும் இதையும் தொடமாட்டோம்” என்று சொல்லி, அதன் சக்கரப் பூட்டின் சாவியை மேற்பார்வையாளர் கையில் வைத்தாள். இதை எழுதும் இந்த நேரத்தில் அவர்கள் வேலையை நிறுத்தி அந்த அடித்தளத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்களே, உங்கள் பெருமூச்சை வைத்து ஒரு கம்பியும் தாழாது. எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் போய், அவளிடமே, கட்டி ஏதும் தென்படுகிறதா என்று கேளுங்கள். இருக்கிறதென்றால் சிரித்து மறைக்க விடாமல் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அங்கே கேள்வி உங்களிடம் வந்தால் அவளிடம் திருப்பிவிடுங்கள். ஊசிச் சோதனையின் முடிவைக் காட்டாமல் கத்திக்கு நாள் குறிக்கிறவரின் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை வேலைக்குப் போகும்போது ஓர் அளவுநாடாவை எடுத்துப் போங்கள். அங்கே பெண்கள் தள்ளும், இழுக்கும், சாயும் ஒவ்வோர் இரும்பும் யாருடைய உயரத்துக்குச் செய்யப்பட்டது என்று அளந்து, உரக்கச் சொல்லுங்கள். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் நிறைய இடமிருக்கிறது, வந்து உட்காருங்கள்.